முத்திரையை நம்பி வந்தவர்கள்

திரைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகின்ற ஒருவர், "ஏமாந்து போனேன்" என்று சொல்வாராயின், அவர் கலை நயம் அறியாதவர் என்று ஒதுக்கிவிடுதல் திறனாய்வாளர்க்கு மிக எளிது. அவர் எதனை எதிர்பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தார், அந்த எதிர்பார்ப்பை அவர் நெஞ்சில் விதைத்தவர் யார் என்று ஆராய்ந்து பார்ப்பதோ அத்தனை எளிதன்று. 1982ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'ஹாலோவீன் 3: சீசன் ஆஃப் தி விட்ச்' என்னும் அச்சப் படத்தைப் பற்றி எழுதப் புகும் நாம், அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகின்றோம்.

பேய்ப் படம் ஒன்றைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் தானே வரும். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கின்றோம்: இந்தப் பட வரிசைக்குப் பின்னால் நின்ற மனிதர் நம் சமுதாயத்தார் பெரிதும் மதிக்கின்ற வேறொரு படத்தை எடுத்தவர். அவர் பெயரைக் கேட்டால் நம் வாசகர்களிற் பலர் வியப்படைவர்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாளிரவு பிள்ளைகள் முகமூடி அணிந்து வீடு வீடாகச் சென்று இனிப்புப் பண்டம் கேட்டு வாங்குவது வழக்கம். கெல்டிக் இனத்தாரின் பழைய விழா ஒன்றின் எச்சம் அது என்பர். அந்த இரவைக் களமாகக் கொண்டு 1978ஆம் ஆண்டு ஜான் கார்பென்டர் என்னும் இளைஞர் 'ஹாலோவீன்' என்ற படத்தை இயக்கினார். டெப்ரா ஹில் என்னும் பெண்மணி அவரோடு சேர்ந்து கதை எழுதியவர், தயாரிப்பாளரும் அவரே. செலவு சுமார் 3 இலட்சம் டாலர். பட உலகக் கணக்கில் அது வெற்றிலை பாக்குச் செலவு. கொலைகாரனின் முகமூடிக்குத் தனியே பணம் ஒதுக்க வழியில்லாமையால், கடையில் இரண்டு டாலருக்கும் குறைந்த விலையில் விற்ற ஒரு நடிகரின் முகச் சாயல் கொண்ட முகமூடியை வாங்கி, அதற்கு வெள்ளைப் பூச்சுப் பூசிப் பயன்படுத்தினர். அதைச் செய்தவர் டாமி லீ வாலஸ் என்னும் கலை அமைப்பாளர். நாம் பேச வந்துள்ள மூன்றாம் படத்தை இயக்கியவரும் அவரே. உணர்ச்சி எதுவுமற்ற அந்த வெளிறிய முகம் உலகெங்கும் ஏறத்தாழ 7 கோடி டாலரை ஈட்டித் தந்தது. பின்னணி இசையையும் கார்பென்டரே அமைத்தார்; விட்டு விட்டு ஒலிக்கும் அந்தப் பியானோ ஓசை இன்றளவும் கேட்டவர் காதை விட்டு அகலுவதில்லை.

வெற்றி கண்ட படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பது வணிக நியதி. 1981இல் அது வந்தது. ரிக் ரோசென்தால் இயக்கினார். அதன் முடிவில் மைக்கேல் மயர்ஸ் என்னும் அக்கொலைகாரனும், அவனைத் துரத்தி வந்த மருத்துவரும் தீயில் எரிந்து போயினர். கதை முடிந்தது என்றுதான் கார்பென்டரும் ஹில்லும் கருதினர். மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அவர்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: பழைய கொலைகாரன் வேண்டாம், ஆண்டுதோறும் அதே இரவைப் பற்றிப் புதிய புதிய கதை சொல்லலாம் என்றனர். பெயர் ஒன்று, கதை வேறு. எண்ணம் நல்ல எண்ணமே. ஆனால் அந்த எண்ணத்தைக் கொட்டகை வாசலில் சீட்டு வாங்க நின்றவர்களுக்கு எவரும் தெளிவாகச் சொல்லவில்லை.

சுமார் 25 இலட்சம் டாலர் செலவில் உருவான மூன்றாம் படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 44 இலட்சம் டாலர் வசூலித்தது. போட்ட முதலுக்கு நட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. எனினும் அதே செலவில் எடுத்த முந்தைய படம் 2 கோடியே 55 இலட்சம் ஈட்டியிருந்தது. பார்வையாளர்களிற் பெரும்பாலோர் சினந்தனர். பெயர் பெற்ற விமரிசகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் ஒன்றரை நட்சத்திரம்தான் அளித்தார்.

பார்வையாளர் சொன்ன குறைகளுள் முதலாவது, அன்றும் இன்றும் ஒன்றே: மைக்கேல் மயர்ஸ் எங்கே? சில மாதங்களுக்கு முன் நம் இல்லத்துக்கு வந்திருந்த தமக்கை மகனுக்கு இப்படத்தைப் போட்டுக் காட்டினோம். முன்னிரண்டு படங்களையும் அவன் ஏற்கெனவே பார்த்தவன். முக்கால் மணி நேரம் பொறுமையாக அமர்ந்திருந்தவன், "மாமா, அந்த முகமூடிக்காரன் எப்போதுதான் வருவான்?" என்று கேட்டான். வரமாட்டான் என்றதும் எழுந்து போய்விட்டான். நாற்பதாண்டு கடந்தும் அதே கேள்வி, அதே எழுச்சி. இதனை அறியாமை என்று நாம் சொல்ல மாட்டோம். பிரியாணி என்று எழுதிய பலகையைப் பார்த்து உள்ளே வந்தவனுக்கு இலை போட்டு, அருமையான இடியாப்பத்தையே பரிமாறினாலும் அவன் முகம் சுளிக்கத்தான் செய்வான்.

இரண்டாவது குறை, கதையின் ஓட்டைகள் பற்றியது. அதைச் சொல்வதற்குக் கதையைச் சற்றே கூற வேண்டும்.

ஓர் இரவில், முகமூடி ஒன்றை இறுகப் பற்றியவாறு ஒரு முதியவர் உயிருக்கு அஞ்சி ஓடி வருகிறார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவரைக் கோட்டு அணிந்த ஒருவன் கொன்றுவிட்டுத் தன் காருக்குள் அமர்ந்து தனக்குத்தானே தீ வைத்துக் கொள்கிறான். பணியிலிருந்த மருத்துவர் சாலிஸ், இறந்தவரின் மகளோடு துப்புத் தேடிச் செல்கிறார். அவர்கள் சென்று சேருமிடம் சாந்தா மீரா என்னும் கற்பனை ஊர். ஊரெங்கும் கண்காணிப்புக் கருவிகள், மாலையானதும் ஊரடங்கு. அங்கே 'சில்வர் ஷாம்ராக்' என்னும் முகமூடித் தொழிற்சாலையை நடத்துகிறார் கோக்ரன் என்னும் அயர்லாந்துக்காரர். மண்டையோடு, சூனியக்காரி, பூசணிக்காய் என மூன்றே வகை முகமூடி. நாடு முழுவதும் பிள்ளைகள் அவற்றை வாங்கிக் குவிக்கின்றனர். ஒவ்வொரு முகமூடியின் பின்புறத்திலும் வணிக முத்திரை பதித்த சிறு வில்லை ஒன்று உண்டு. அதற்குள் மின்னணுச் சில்லும், இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்லிலிருந்து பெயர்த்த துகளும் மறைந்திருக்கின்றன. ஹாலோவீன் இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வரும். முகமூடி அணிந்து அதனைப் பார்க்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் மடிவர். பழங்காலப் பலியை மீண்டும் நிகழ்த்துவதே கோக்ரனின் நோக்கம்.

பார்வையாளர் கேட்கின்றனர்: பல டன் எடையுள்ள கல் கடல் தாண்டி எப்படி வந்தது? படத்தில் கோக்ரன் இதற்குச் சொல்லும் விடை, அதைக் கொண்டுவந்த பாட்டைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்னும் பொருள்படச் சிரித்து நழுவுவதுதான். கதாசிரியருக்கும் விடை தெரியவில்லை என்பது வெளிப்படை. இன்னுமொரு கேள்வி இன்னும் கூர்மையானது: அமெரிக்கப் பெருநிலத்தில் நான்கு நேர மண்டலங்கள் உள்ளன, நியூயார்க்கில் ஒன்பது அடிக்கும்போது கலிபோர்னியாவில் ஆறுதான். கிழக்கே பிள்ளைகள் மாண்ட செய்தி மேற்கே எட்டுவதற்கு மூன்று மணி நேரம் இருக்கிறதே! பிறகு அந்தக் கோட்டு அணிந்தோர் மனிதர் அல்லர், இயந்திரப் பொம்மைகள் என்கிறது படம். சூனியம் ஒரு பக்கம், இயந்திர விஞ்ஞானம் மறு பக்கம். இரண்டில் எது அச்சமூட்ட வேண்டும் என்று படமே தெளிவடையவில்லை. இறுதியில் மருத்துவர் ஒரு பெட்டி வில்லைகளைக் கொட்டிவிட்டு விளம்பரத்தை ஓடவிடுவதால் இத்தனை பெரிய சதிக்காரர் சில நொடிகளில் மறைந்து போகிறார். அவரும் கைதட்டிப் பாராட்டிவிட்டே மறைகிறார். ரசித்தவர் அவர் ஒருவரே என்று எண்ணத் தோன்றுகிறது.

இக்குறைகளை நாம் மறுக்கவில்லை. நடுப்பகுதி தொய்கிறது. மருத்துவருக்கும் அந்த இளம்பெண்ணுக்கும் இடையே வலிந்து திணித்த உறவு கதைக்கும் உதவவில்லை, குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்கும் இடந்தரவில்லை. இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. முதலில் இக்கதையை எழுதியவர் நைஜல் நீல். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1953இல் 'குவாட்டர்மாஸ்' வரிசையைத் தொடங்கி ஒரு தலைமுறையையே நடுங்க வைத்தவர். அச்சத்தைக் குருதியால் அன்றிச் சிந்தனையால் ஊட்டத் தெரிந்தவர். தம் எழுத்தில் குருதியும் கோரமும் புகுத்தப்பட்டதைக் கண்டு, தம் பெயரே படத்தில் வர வேண்டாம் என்று அவர் நீக்கச் செய்தார். அவர் சினத்துக்குக் காரணம் இருந்தது என்பதைப் படம் பார்த்தவர் ஒப்புவர். சிறுவன் ஒருவனைப் பெற்றோரின் கண்ணெதிரே சோதனைக்கு உட்படுத்தும் காட்சியில், முகமூடிக்குள்ளிருந்து பூச்சிகளும் பாம்புகளும் வெளிவருகின்றன. அந்தச் சிறுவன் தரையில் வீழ்ந்த அளவிலேயே நம் நெஞ்சு உறைந்துவிட்டது. அதன்பின் காட்டியவை அனைத்தும் மிகை. மஃரிபு வேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் வாய் திறவாத நம் வீட்டுப் பாட்டிமார்க்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது.

ஆயினும் படம் முழுதும் பழுது என்ற தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அதில் ஒரு சிறு காட்சி இருக்கிறது. பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை.

மனைவியைப் பிரிந்து வாழும் மருத்துவர் சாலிஸ் தம் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். வேலையும் குடியுமாகக் காலம் கழிப்பவர். பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கைப் பலமுறை தவறவிட்டவர். இம்முறை மறவாமல் முகமூடி வாங்கி வந்திருக்கிறார். மலிவான பிளாஸ்டிக் முகமூடிகள். பிள்ளைகள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாய் ஏற்கெனவே 'சில்வர் ஷாம்ராக்' முகமூடிகளை வாங்கித் தந்துவிட்டாள். விளம்பரத்தில் வருகின்ற அசல் சரக்கு! அதை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி முன் ஓடி அமர்ந்துவிடுகின்றனர். தகப்பன் கையில் மலிவுச் சரக்கோடு நிற்கிறார். அந்த நிலையை அறியாத தகப்பன்மார் நம்மிடையே எத்தனை பேர்? பெருநாளைக்கு முன்னிரவு கடைத்தெருவில் அலைந்து, கைக்கு எட்டிய விலையில் ஒரு சட்டையை வாங்கி வந்து, "இந்தப் பேர் போட்டது இல்லையா வாப்பா?" என்ற கேள்விக்கு முன் நின்றவர்கள் அந்தக் காட்சியில் தம்மைக் காண்பர்.

கதை முழுதும் தெரிந்த பின்னர் அக்காட்சியைத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மலிவு முகமூடியை அணிந்திருந்தால் பிள்ளைகளுக்குத் தீங்கு எதுவும் நேராது. உயிருக்கு உலை வைப்பது அசல் முத்திரைதான். கொல்லும் கருவியை வேறெங்கும் மறைக்காமல் வணிகச் சின்னத்துக்குள்ளேயே கதாசிரியர் மறைத்து வைத்தாரே, அதுவே இப்படத்தின் உயிர்நாடி என்பது நம் கருத்து. பிற்பகுதியில் அபாயத்தை உணர்ந்த மருத்துவர் தொலைபேசியில் மனைவியை அழைத்து முகமூடிகளை எறிந்துவிடச் சொல்கிறார். அவளோ, தான் வாங்கித் தந்த பொருள் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்ட பொறாமையில் பேசுகிறார் என்றெண்ணித் தொடர்பைத் துண்டித்துவிடுகிறாள். பலமுறை வாக்குத் தவறியவன் ஒருமுறை மெய் சொல்லும்போது நம்புவாரில்லை. இயந்திரப் பொம்மைகளையும் ஸ்டோன்ஹெஞ்ச் கல்லையும் விட இந்தத் தொலைபேசிக் காட்சியே நம்மை நடுங்கச் செய்தது.

விளம்பரப் பாட்டு காதைத் துளைக்கிறது என்பது பார்வையாளர் சொன்ன மற்றொரு குறை. 'லண்டன் பிரிட்ஜ்' என்னும் ஆங்கிலக் குழந்தைப் பாடலின் மெட்டில், பண்டிகைக்கு இன்னும் இத்தனை நாள் என்று எண்ணிக்கை குறைந்து குறைந்து ஒலிக்கிறது அது. எரிச்சலூட்டுவது உண்மைதான். படம் பார்த்த மறுநாள் காலை ஒளூச் செய்யும்போது அந்த மெட்டு நம் நாவில் வந்து நின்றது. வெட்கத்தோடு வாயைக் கொப்பளித்தோம். விளம்பரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு நுட்பத்தையும் சொல்லாமல் விடலாகாது. படத்துக்குள் வரும் தொலைக்காட்சியில் ஒரு விழா அறிவிப்பு ஓடிக் கொண்டிருக்கிறது: ஹாலோவீன் இரவில் ஒரு படம் ஒளிபரப்பாகும், அது முடிந்தவுடன் முகமூடி அணிந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெரும் பரிசு காத்திருக்கிறது என்பது அறிவிப்பு. அந்தப் படம் எது? 1978ஆம் ஆண்டின் 'ஹாலோவீன்'தான்! மைக்கேல் மயர்ஸ் இப்படத்தில் வரவே இல்லை என்று குறை கூறுவோர் இதைக் காணத் தவறிவிட்டனர். அவன் வருகிறான், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருகிறான், பிள்ளைகளை இருக்கையோடு கட்டிப்போடும் தூண்டிலாக வருகிறான். பழைய படத்தை மறுபடியும் காணத் துடிக்கும் ஆவலையே பொறியாக வைக்கும் ஒரு வில்லனை, அதே ஆவலோடு வந்தமர்ந்த பார்வையாளர் முன் நிறுத்தியிருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்தார்களோ, தற்செயலாய் அமைந்ததோ, துணிச்சல்தான். அந்தத் துணிச்சலுக்குப் பார்வையாளர் மன்னிப்பு வழங்கவில்லை.

இனி, முன்னர்ச் சொல்லாமல் நிறுத்தி வைத்த பெயருக்கு வருவோம்.

1978ஆம் ஆண்டின் முதற் படத்துக்கு அந்த 3 இலட்சம் டாலரைக் கொடுத்தவர் முஸ்தஃபா அக்காத். 'தி மெஸேஜ்' என்ற படத்தை 1976இல் அளித்த அதே முஸ்தஃபா அக்காத்! சிரியாவின் அலெப்போ நகரில் 1930இல் பிறந்தவர். திரைக்கலை பயில அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது தகப்பனார் 200 டாலரையும் திருக்குர்ஆன் பிரதி ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார் என்பது அவரே நினைவுகூர்ந்த செய்தி. பெருமானார் (ஸல்) அவர்களின் திருவுருவையோ திருக்குரலையோ ஓரிடத்திலும் காட்டாமல், இஸ்லாம் தோன்றிய வரலாற்றை ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு ஒரே காலத்தில் படமாக்கினார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸா (ரலி) அவர்களாக ஆன்டனி க்வின் நடித்தார். மொராக்கோவில் தொடங்கிய படப்பிடிப்பு இடையில் நின்று, லிபியாவில் நிறைவேறியது. அமெரிக்காவில் வெளியானபோது, அப்படத்தில் பெருமானாரின் உருவம் காட்டப்படுகிறது என்ற வதந்தியை நம்பி, அதைத் திரையிடக் கூடாது என்பதையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டு, 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் துப்பாக்கி ஏந்திய ஒரு குழுவினர் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்தனர், உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பார்க்காத படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கருத்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அக்காத் அளவுக்கு அறிந்த படத் தயாரிப்பாளர் எவருமிலர் எனலாம்.

1981இல் அவர் தம் இரண்டாவது பெரும்படத்தைத் தந்தார்: லிபியாவில் இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடித் தூக்குமேடை ஏறிய முதியவர் உமர் முக்தாரின் வரலாறு, 'லயன் ஆஃப் தி டெஸர்ட்'. லிபிய அரசின் பணத்தில், சுமார் 3 கோடியே 50 இலட்சம் டாலர் செலவில் எடுத்த படம். மேலைநாட்டுக் கொட்டகைகளில் அது படுதோல்வி கண்டது. இத்தாலியில் தடைசெய்யப்பட்டு 2009இல்தான் தொலைக்காட்சி வழியே அந்நாட்டு மக்கள் கண்ணுக்கு எட்டியது. அதற்குப் பிறகு அக்காத் ஒரு படத்தையும் இயக்கவில்லை. சுல்தான் சலாஹுத்தீன் வரலாற்றைப் படமாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. ஷான் கானரியை நாயகராக நடிக்க வைக்கவும் எண்ணியிருந்தார். முதல் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

இந்நிலையில்தான் 'ஹாலோவீன்' மூன்றாம் படத்தின் ஏமாற்றத்தை அவர் எடைபோட வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டனர்: புதுக்கதை வேண்டாம், பழைய முகமூடிக்காரனைக் கொண்டு வா! கார்பென்டரும் ஹில்லும் தம் உரிமையை விட்டு விலகினர். அக்காத் 1988இல் நான்காவது படத்தைக் கொணர்ந்தார். அதன் பெயரிலேயே மைக்கேல் மயர்ஸ் திரும்பி வருகிறான் என்ற அறிவிப்பும் இருந்தது. பலகையில் எழுதியதே இலையில் விழும் என்ற உறுதிமொழி அது. தீயில் எரிந்தவன் எழுந்து வந்தான். ஏறத்தாழ 1 கோடியே 78 இலட்சம் டாலர் வந்தது. பிறகு 1989, 1995, 1998, 2002 என்று அவன் வந்துகொண்டே இருந்தான். குத்துண்டான், தீய்ந்தான், மீண்டும் எழுந்தான்.

இதற்காக அக்காத்தைக் குறைகூறுவோர் நம்மிடையே உண்டு. தூது சொல்ல எடுத்த கையால் இப்படியொரு வணிகமா என்பர். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அதே கேள்வியைப் பார்வையாளர் பக்கமும் திருப்ப வேண்டாமா? உமர் முக்தாரைக் காட்டியபோது கொட்டகை வெறிச்சோடியது. முகமூடிக் கொலைகாரனைக் காட்டியபோது வரிசை தெருவரை நீண்டது. அவனில்லாத புதுமையைக் காட்டியபோது காறி உமிழ்ந்தனர். சலாஹுத்தீனுக்குக் கிடைக்காத முதல் மைக்கேல் மயர்ஸுக்குக் கிடைத்தது யார் தீர்ப்பால்? சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு வாக்களிக்கின்றனர். எண்ணுகின்றவர்கள் எண்ணிக் கொண்டுதான் இருக்கின்றனர். நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். 'லயன் ஆஃப் தி டெஸர்ட்' படத்தை முழுமையாகப் பார்த்தவர் நம் வாசகர் இல்லங்களில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் நமக்கே தலைகுனிவு நேரும்.

2005 நவம்பர் 9ஆம் நாள் ஜோர்டான் தலைநகர் அம்மானில் மூன்று தங்கும் விடுதிகளில் குண்டுகள் வெடித்தன. திருமண நிகழ்ச்சிக்காக அங்கே வந்திருந்த அக்காத்தின் மகள் உயிரிழந்தார். படுகாயமுற்ற அக்காத் இரு நாள் கழித்து மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். திரையில் எத்தனையோ பொய்ச் சாவுகளுக்கு முதல் போட்ட மனிதரை மெய்யான வன்முறை கொண்டு சென்றது. சலாஹுத்தீன் படம் எடுக்கப்படவே இல்லை.

மூன்றாம் படத்தின் கதி பிற்காலத்தில் மாறியது வேறொரு வியப்பு. வீடியோ நாடாக்கள் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும், எந்த எதிர்பார்ப்பும் இன்றி அதைச் சந்தித்த இளந்தலைமுறை அதனை விரும்பத் தொடங்கியது. கொட்டகைக்குப் பணம் கொடுத்து வந்தவர் கண்ட அதே படம்தான். ஒரு சட்டகமும் மாறவில்லை. டீன் கண்டியின் ஒளிப்பதிவில் இருண்டு கிடக்கும் அந்தச் சிற்றூர்த் தெருக்களும், கார்பென்டரும் ஆலன் ஹாவார்த்தும் மின்னிசைக் கருவியில் எழுப்பிய அடிநாதமும் இப்போது பாராட்டுப் பெறுகின்றன. கோக்ரனாக நடித்த டேன் ஓ'ஹெர்லிஹியின் கனிந்த புன்னகையை இப்போதுதான் கவனிக்கிறார்கள். 2018இல் வந்த புதிய 'ஹாலோவீன்' படத்தில் அந்த மூன்று முகமூடிகளையும் அணிந்த பிள்ளைகள் தெருவில் நடந்து போகின்றனர். பழைய ரசிகர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தனர். அம்முகமூடிகள் கடைகளில் விற்பனைக்கும் வந்துள்ளன. முத்திரைக்குள் நஞ்சு இருக்கிறது என்று சொன்ன படத்தின் முத்திரையையே விலை கொடுத்து வாங்குகின்றனர்! கோக்ரன் இருந்தால் இதற்கும் கைதட்டியிருப்பார்.

2022இல் 'ஹாலோவீன் எண்ட்ஸ்' வெளிவந்தபோது, அதில் மைக்கேல் மயர்ஸைப் பின்னுக்குத் தள்ளி வேறோர் இளைஞனைக் கதையின் நடுவே நிறுத்தினர். பார்வையாளர் மீண்டும் பழைய கேள்வியையே கேட்டனர். அப்படத்தை விரும்பியவர்களோ மூன்றாம் படத்தை உதாரணம் காட்டி, காலம் போகட்டும் என்றனர். அதைப் பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை.

மூன்றாம் படத்தின் இறுதிக் காட்சியை மட்டும் சொல்லி முடிக்கின்றோம். மருத்துவர் தொலைபேசியில் ஒளிபரப்பு நிலையத்தாரை மன்றாடுகிறார். அவர் எதிரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. முதல் அலைவரிசையில் விளம்பரம் நின்றது. மாற்றிப் பார்க்கிறார், இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில் ஓடிக் கொண்டே இருக்கிறது. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று அவர் தொண்டை கிழியக் கதறுகையில் படம் முடிந்து போகிறது. அந்த மூன்றாவது நிலையத்தார் நிறுத்தினரா, அவருடைய இரு பிள்ளைகளும் அந்நேரம் எந்த முகமூடியோடு எங்கே அமர்ந்திருந்தனர் என்பதைப் படம் சொல்லவில்லை. எழுந்து போன நம் தமக்கை மகனை மறுநாள் அழைத்து அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினோம். பேசாமல் பார்த்தான். பிறகு, "அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள், மாமா?" என்றான்.